நானூற்றுப் பத்து மில்லி

நான் பிளம்பர். ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் என் கையைக் கேட்டுத்தான் ஓடும். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு, ஒன்றுக்குப் போகிற பாதையிலேயே ஒரு சவ்வு வால்வு மாதிரி குறுக்கே நின்று அடைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால், கடையை இழுத்து மூடிவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். பிறந்த பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன் செய்து சவ்வை வெட்டிவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடைப்பை எடுத்தால் தண்ணீர் ஓடும், என் தொழிலில் அவ்வளவுதான். பையன் வளர்ந்தபிறகு டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். பிறப்பதற்கு முன்னாலிருந்தே அடைப்போடு மல்லுக்கட்டி மூத்திரப்பை கெட்டுப்போயிருக்கிறதாம். வளர வளர அது தொளதொளவென்று விரியும், நிறைந்தாலும் பையனுக்குச் சரியாகத் தெரியாது, முழுசாகக் காலியாகாவிட்டால் கிட்னிக்கு ஆபத்து என்றார். எட்டு வயதாகியும் கால்சட்டை நனைவது அதனால்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போக வேண்டும், ஒரு வாரம் ஒவ்வொரு தடவையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பள்ளிக்கு விடுமுறை. மனைவி துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை என் பொறுப்பில் வந்தது.

முதல் தடவை நூற்று அறுபது மில்லி. "இவ்ளோதானாடா சின்ன முதலாளி?" என்றேன், சும்மா. அடுத்தது இருநூற்று நாற்பது. "அடிச்சான் பாரு!" என்று கைதட்டினேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்: பெரிய டேங்க், நல்ல டேங்க். மூன்றாம் நாள் முந்நூற்று முப்பதைத் தொட்டான்.

அன்று மனைவி நோட்டைப் பார்த்தாள். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னுதானே சொன்னாங்க? இங்க அஞ்சு மணி நேரம் இடைவெளி இருக்கே?"

"வந்தாத்தானே போவான்? நீ சும்மா இரு. பையன் தேறிட்டு வர்றான்."

ஏழாம் நாள் நானூற்றுப் பத்து! சிவப்புப் பேனாவில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். குழாய் சாமான் கடைக்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். பாவம், அந்த மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார், சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"இந்த வயசுக்கு முந்நூறே போதும். ஏன் இவ்வளவு நேரம் அடக்கினான்? ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு. போன தடவ இப்படி இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான். "அப்பா சொல்லல டாக்டர். நானாத்தான் அடக்கினேன். முட்டும்போது தொடைய இறுக்கிக்கிட்டு பாட்டு பாடினா நின்னுடும்."

நனைந்த கால்சட்டையோடு தலை குனிந்தே பழகிய பிள்ளை. அதே விஷயத்துக்கு அப்பன் முதல்முறையாகக் கைதட்டியிருக்கிறான், விடுவானா? அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"இல்லங்க, நான்தான் ஏத்திவிட்டேன். நிறைய வந்தா நல்லதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"டேங்க் வழிய வழிய மோட்டாரப் போட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினார். இனி தினமும் நான்கு தடவை, பையன் போய் முடித்தபிறகு மிச்சத்தை வீட்டில் நானே மெல்லிய டியூப் விட்டு எடுக்க வேண்டும். வீக்கம் இறங்கினால் கிட்னி தப்பிக்கும் என்றார்.

பையன் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, திரைக்குப் பின்னால் படுத்தான். நர்ஸ் டியூப்பில் ஜெல்லி தடவி என்னிடம் நீட்டினார். இரும்புக் குழாயை முறுக்குகிறவன், இதை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு தடவை கேட்டேன்.

"பயப்படாதப்பா, மெதுவா விடு. உனக்குத் தெரிஞ்ச வேலதானே," என்றான் பையன். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

டியூப் உள்ளே போனது. முதலில் சொட்டியது, பிறகு நிற்காமல் ஓடியது. போய் முடித்தவன் வயிற்றில் இவ்வளவா!

"எவ்ளோப்பா?"

"நூத்தித் தொண்ணூறு."

ஒரு கண்ணை மட்டும் திறந்து என் முகத்தைப் பார்த்தான். "இது நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?"

"கெட்ட நம்பர்டா."

மற்றக் கண்ணையும் திறந்தான். "அப்ப சைபர் எடுத்தாத்தான் ஃபர்ஸ்ட்டா?"

"ஃபர்ஸ்ட்டும் கெடையாது, லாஸ்ட்டும் கெடையாது. மூணு மணி நேரம் ஆச்சா, போ. அவ்ளோதான்," என்றேன். திட்டுகிற மாதிரிதான் குரல் வந்தது.

நர்ஸ் அவனைத் துடைத்துவிட்டு, என் கண்ணைப் பார்த்து எனக்கும் ஒரு பஞ்சைக் கொடுத்தார்.