பிளாஸ்திரி சுற்றிய குரல்

பழைய பாட்டொன்றின் இசைத்தட்டு வெளியீட்டு விழாவில், இசை ஆய்வாளர் மைக்கின் முன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே நாலு பக்கக் கட்டுரை இருந்தது.

"அறுபதுகளின் ராக் இசையில் இப்படியொரு ஆண் குரல் கிடையாது! இந்தப் பாட்டில் வாசலில் குரைக்கும் நாய் என்பது மரணத்தின் குறியீடு. பாடியவர் யாரோ, எப்போது மறைந்தாரோ!"

மூன்றாம் வரிசையில் இருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடியவளே அவள்தான். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நாய், அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருடைய சொறிநாய். அவள் குரலின் உச்சத்தைக் கேட்டுத்தான் அந்நாளைய அவர்கள் ராக் குழுவில் அவளுக்கு 'விசில்' என்று பேர்.

"டேய், இந்தாள்கிட்ட சொன்னியா இல்லியா?"

பக்கத்தில், குழுவில் டிரம்ஸ் அடித்த தம்பி நெளிந்தான். "விடுக்கா. இப்பவாச்சும் நம்ம பாட்டைக் கேக்கறாங்களே."

"கேக்கறது என் குரலாடா?"

எல்லாம் இவன் செய்த வேலை. டேப் வேகமாக ஓடினால் ஒலி தெளிவாகும் என்று, கார் ஷெட்டில் பதிவு செய்த அன்று, டேப்பை இழுக்கும் தண்டில் பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டான். அந்த மெஷினில் போட்டால் விசில் விசிலாகவே கேட்கும். வேறு எதில் போட்டாலும் டேப் மெதுவாக ஓடி, குரல் கிணற்றில் இறங்கிவிடும். மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. டேப் ஆய்வாளரிடம் சிக்கியது.

மேடையில் புது இசைத்தட்டு முனகியது. சபை கண்மூடித் துக்கம் அனுஷ்டித்தது. அக்கா விறுவிறுவென்று மேடையேறினாள்.

"அம்மா, தொடாதீங்க!"

இசைத்தட்டு சுழலும் வேகத்தைக் கூட்டும் விசையைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி வீட்டுக்காரர் நாயைக் கிழிகிழியென்று கிழித்தாள். பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.

ஆய்வாளர் சுதாரித்தார். "அற்புதம்! இரண்டாம் பதிப்பு போட்டுடலாம். 'அடையாளம் தெரியாத பெண் குரல்'னு..."

"அடையாளம் என்னய்யா தெரியல? மூக்குக்கு முன்னாடி நிக்கிறேன்!"

"பாடுனது எங்க அக்காதாங்க!" தம்பி எழுந்து கத்தினான்.

"இப்பத்தான் வாய் திறக்குதாக்கும்?"

காட்சிக்கு வைத்திருந்த டேப்பை எடுத்துக் கைப்பையில் திணித்தாள்.

"அம்மா, அது வரலாற்று ஆவணம்!"

"எங்க டேப்பு. யார் பாடினதுன்னு இசைத்தட்டு அட்டையில அடிச்சுட்டு வாங்க, தர்றேன்."

படியிறங்கினாள். பின்னால் நாய்ப்பாட்டு முழு வேகத்தில் குரைத்துக்கொண்டிருந்தது.