மடியில் நாற்பத்து மூன்று டிகிரி

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மறைப்பானேன். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து என் மனைவி தொலைபேசியில் கேட்டாள்:

"உங்க மடியில எவ்வளவு? என் மடியில நாப்பத்திமூணு."

சிறிய மடிக்கணினிகள் செய்யும் நிறுவனத்தில் அவளுக்குச் சூடு அளக்கும் வேலை. புது மாடலுக்குள் விசிறி கிடையாது. மேசையில் சாதுவாக இருப்பது, மடியில் ஏறினால் அடியில் காற்றுப் போக வழியில்லாமல் சுடும். அதனால் அவளும் கூட வேலை செய்பவரும் ஆளுக்கொன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், மடியில் வைத்து அளந்து, ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். எல்லாம் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

2

கதையின் முதல் வரி: 'அவன் கண்களில் ஒரு திருட்டுத்தனம்—'

அழித்துவிட்டேன். (அவரை ஒரே ஒரு தடவை அலுவலக வாசலில் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனம் எதுவுமில்லை. என்னைவிட முடி அதிகம், அவ்வளவுதான்.)

பிறகு அவருக்கு நீண்ட விரல்கள் கொடுத்தேன். தாழ்ந்த குரல், கசங்காத சட்டை. பொறாமை இவ்வளவு தாராளமாகச் செலவு செய்யும் என்று நினைக்கவில்லை. ஒரு முடிவில் அவருக்கு வேலை போனது. இன்னொன்றில் தொடை வெந்தது. அது நன்றாக வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

3

இதையெல்லாம் அவள் கொண்டுவந்த அதே கணினியில்தான் எழுதினேன். சோதனைக்கு உதவட்டுமே என்று. அவள் அளந்து பார்த்தாள். முப்பத்தாறு.

"கதை எழுதினா அவ்வளவுதான் ஏறும். அவர் வீடியோ வெட்டுறாரு, அம்பதைத் தொடுது."

(இந்த இடத்தில் தொடை வெந்த முடிவை மறுபடி சேர்த்தேன்.)

4

கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவள் படித்துவிட்டாள்.

"அவருக்கு விரல் வரைக்கும் எழுதியிருக்கீங்க."

"கதைக்காக."

"என்னைப் பத்தி மனைவி, மனைவின்னுதான் இருக்கு. நான் எப்படி இருப்பேன்?"

'அவள்—' என்று தொடங்கினேன். 'அவள் எப்போதும்—'

"அவரையும் என்னையும் வேற ஊர் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு வருஷம்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் சொல்லலை. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." கணினியை மூடினாள். "இப்பக் கேக்க வேண்டியதில்லை."

5

பதில் சொல்லத்தான் இன்று கிளம்பிப் போனாள். 'போகமாட்டேன் என்றாள்' என்று ஒரே வரியில் நான் முடித்துவிடலாம். கை வரவில்லை.

ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்றாள். பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினாள். பிறகு வேகமாக நடந்தாள். கோபத்தில் நடக்கும் வேகமா, சந்தோஷத்தில் நடக்கும் வேகமா? இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால், மீதியை நீங்கள் எழுதுங்கள்.