நாற்பத்தொன்றாவது துண்டு

'தெரியாது' என்ற சொல்லை என் வாயால் யாரும் கேட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இது ஒரு வியாதி. தெருவில் யாராவது நிறுத்தி அஞ்சல் அலுவலகம் எந்தப் பக்கம் என்று கேட்டால், எனக்கு வழி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கை தானாக நீண்டுவிடும். கை நீண்ட பிறகு வாய் சும்மா இருக்குமா? "நேரா போங்க, ரெண்டாவது திருப்பத்துல வலது பக்கம்." அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால், அதன் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கால் மணி நேரம் விளக்குவேன். நான் முடிப்பதற்குள் என் மனைவி மெக்கானிக்குக்குப் போன் செய்து முடித்திருப்பாள். "உங்க வாயிலேர்ந்து தெரியாதுன்னு ஒரு வார்த்தை வரட்டும், அன்னிக்கு இந்தத் தெருவுக்கே நான் சாப்பாடு போடறேன்" என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தெரு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த உத்தியோகம் அகராதி எழுதுவது. பழைய கிரேக்கச் சொற்களுக்கு நம் மொழியில் பொருள் சொல்லும் அகராதி. இரண்டாம் மாடியில் மூன்று அறைகள், சுவர் தெரியாதபடி இரும்பு இழுப்பறைகள், இழுப்பறை நிறைய அட்டைகள். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனை அட்டை. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பழைய நூல் ஒன்றிலிருந்து ஒரு வரி எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வரியை மூலநூலில் கண்ணால் பார்த்த பிறகு, எழுதியவர் அட்டையின் பின்பக்கம் 'பார்த்தேன்' என்று ஊதா மையில் முத்திரை குத்த வேண்டும். பிறகு சரிபார்ப்பவர் அதே நூலைத் தேடி எடுத்து, அதே வரியைப் பார்த்து, பக்கத்திலேயே 'நானும் பார்த்தேன்' என்று குத்துவார். இரண்டு முத்திரையும் விழாத அட்டை அச்சுக்குப் போகாது.

சரிபார்ப்பவர் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். நான் அவளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரைப்புள்ளியைக்கூட விடமாட்டாள். அந்த மாதக் கடைசியில் அவள் வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்குப் போகச் சொல்வார்களா என்று முடிவாக வேண்டியிருந்தது. முடிவு செய்ய வேண்டியவர் எங்கள் தலைமைத் தொகுப்பாளர். அவர் பேசினால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது என்பதால் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அதையும் வைத்தது நான்தான். ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிறவனுக்குத் தன் பெயர் நாறுவது தெரியாது.

பெரிய பதிப்பு அச்சுக்குப் போகும் சமயம். என் பெயரும் முகப்புப் பக்கத்தில் வரப்போகிறது என்று முற்றுப்புள்ளியே சொல்லியிருந்தார். அப்போது என் மேஜைக்கு வந்த சொல் 'அக்னோயேயோ'. அறியாமையைச் சொல்லும் வினை. முன்னால் ஒரு மறுப்பு, பின்னால் அறிவு. அவ்வளவுதான். ஒன்றைத் தெரியாமலிருப்பது, கண்ணெதிரே நிற்கிறவரை அடையாளம் தெரியாமல் போவது, சொன்னது புரியாமல் போவது, அறியாமையால் தவறு செய்துவிடுவது என்று நாலு பொருள் சுலபமாகக் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், மிகப் பழைய கவிதைகளில் இந்த வினை பெரும்பாலும் ஒரு 'இல்லை'யைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகிறது. 'அவள் அதை அறியாமல் இல்லை' என்கிற மாதிரி. அதாவது நன்றாகவே தெரியும் என்று அர்த்தம். இதைக் குறிப்பில் அழகாக எழுதி, எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆனாலும் நாலோடு நிறுத்த மனம் வரவில்லை. இன்னொரு நிறுவனத்தார் போட்டிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். ஐந்தாவதாக ஒரு பொருள் இருந்தது: 'தெரிந்தும் தெரியாததுபோல் இருத்தல்'. கீழே ஒரு வரியும் இருந்தது. 'நண்பன் எதிரே வருவதைக் கண்டவன், தூண்களை எண்ணிக்கொண்டே போனான்.' நாடகங்கள் எல்லாம் தொலைந்துபோய் வெறும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் ஒரு மூன்றாந்தர நாடகக்காரரின் நாற்பத்தொன்றாவது துண்டு என்று குறிப்பு. எவ்வளவு நயமான வரி! என்ன இருந்தாலும் பழையவர்கள் பழையவர்கள்தான் என்று உருகிப்போய் அட்டையில் எழுதினேன். மூலநூலைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து மூன்றாவது அறைக்குப் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே 'பார்த்தேன்' என்று குத்தினேன்.

இரண்டு நாள் கழித்துச் சல்லடை வந்து நின்றாள்.

"சார், இந்த நாடகக்காரரோட புத்தகத்துல முப்பத்தெட்டுத் துண்டுதான் இருக்கு. நாப்பத்தொண்ணு எங்க இருக்கு?"

"அது பழைய பதிப்பும்மா. புதுசுல சேத்திருப்பாங்க."

"புதுசும் பாத்துட்டேன் சார். அதுலயும் முப்பத்தெட்டுதான்."

"அப்ப பின்னிணைப்புல பாரு" என்றேன். இதுதான் அந்த வழி காட்டும் கை. தானாக நீண்டுவிட்டது.

அவள் போன பிறகு தடித்த அகராதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சி.ப.' என்று இருந்தது. முன்பக்கச் சுருக்கப் பட்டியலில் தேடினேன். சி.ப. என்றால் சிறு பதிப்பு. எங்கள் நிறுவனம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியிட்ட சிறு பதிப்பு. அதில் ஆல்ஃபா என்ற முதல் எழுத்து முழுவதையும் எழுதியது யார் என்று கேட்டால், தன்னடக்கத்தோடு சொல்கிறேன், அடியேன்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்கு இளவயது; 'நானும் பார்த்தேன்' என்று குத்த ஆளும் கிடையாது. தெரிந்தும் தெரியாத மாதிரி நடிப்பதற்கு ஒரு வினை இல்லாமல் இத்தனை கெட்டிக்கார மொழி எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. இருந்தே தீர வேண்டும் என்று பொருளை எழுதிவிட்டேன். உதாரண வரிதான் கிடைக்கவில்லை. பத்து நாள் தேடினேன். 'கிடைக்கவில்லை' என்று எழுதி வைக்க என் கௌரவம் இடம் தரவில்லை. நானே ஒரு வரியைக் கிரேக்கத்தில் கட்டினேன். செத்துப்போன நாடகக்காரரின் உண்மையான துண்டு எதையும் மிதித்துவிடக் கூடாது என்று, மரியாதையாக மூன்று எண் தள்ளி நாற்பத்தொன்று என்று போட்டேன். அதைத்தான் தடித்த அகராதிக்காரர்கள் நம்பி எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நம்பி நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். உருகியும் போனேன். சொந்தப் புளுகுக்குத் தானே கண்ணீர்விட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்தேன், உட்கார்ந்தேன். இந்த ஒரு அட்டை போனால் முகப்புப் பக்கத்தில் என் பெயர் போய்விடும் என்ற பயம். அவளாகவே அலுத்துப்போய் முத்திரை குத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சல்லடை அலுக்குமா? நாலு நாளைக்கு ஒரு தடவை வந்து நிற்பாள். நான் முகத்தைச் சுளிக்காமல் வேறொரு நூலின் பெயரைச் சொல்வேன். உரைகாரர்களைப் பார், பழைய கடிதங்களைப் பார், அருஞ்சொல் பட்டியலைப் பார். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்று போவாள். வெளியூர் நூலகத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நின்றேன்.

"ஏன் ரெண்டு நாளா மோட்டாரைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று மனைவி கேட்டாள். "உடம்பு சரியில்லையா?"

மூன்று வாரம் ஆனது. மாதக் கடைசிக்கு முந்தின நாள் முற்றுப்புள்ளி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்த அட்டை கிடந்தது. பின்பக்கம் என் ஊதா முத்திரை மட்டும் தனியாக இருந்தது.

"ஒரு வரி. மூணு வாரம்" என்றார் அவளைப் பார்த்து. "இவர் பாத்தேன்னு குத்தியிருக்கார். உங்களால கண்டுபிடிக்க முடியல. இந்த வேலைக்கு இது சரிப்படாதும்மா. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

அவள் மடியில் ஒரு பழுப்பு உறையை வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேறு நூலின் பெயர் ஒன்று சொல்லியிருப்பேனோ என்னவோ. என் கை தொடையில் அசைவதை நானே பார்த்தேன். அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வரி கிடையாது" என்றேன்.

"கிடையாதுன்னா?"

"அப்படி ஒரு துண்டே கிடையாது. நான் எழுதினது. சிறு பதிப்புக்காக. அந்தப் பொருளும் கிடையாது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

ஒரு தியாகம் செய்துவிட்ட களை என் முகத்தில் வந்திருக்க வேண்டும். வந்த களை வந்த வேகத்திலேயே போனது. ஏனென்றால் சல்லடை உறையைத் திறந்து, ஓரம் மஞ்சளாகிப்போன ஒரு பழைய அட்டையை மேஜையில் வைத்தாள். சிறு பதிப்புக்கான என் அட்டை. இளவயதுக் கையெழுத்து. வரியை நான் அடித்து அடித்துத் திருத்தியிருந்தது மூன்று நிற மையில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின வரியை யாரும் வினைமுற்றை மாற்றி மாற்றிப் படியெடுக்க மாட்டார்கள்.

"இது எப்பக் கிடைச்சுது?" என்று கேட்டார் முற்றுப்புள்ளி.

"முதல் வாரமே சார்."

அறியாமல் இல்லை. அவள் ஒரு நாளும் அறியாமல் இல்லை. பழைய கவிஞர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்று, நாற்பது வரி குறிப்பு எழுதிய எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

முற்றுப்புள்ளி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க இருங்கம்மா. உத்தரவு நாளைக்கு வந்துடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "முகப்புல உங்க பேர் வராது. ஆனா நீங்களும் போக முடியாது. நீங்க கட்டினது எது, கட்டாதது எதுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? கட்டினது எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் அச்சுக்கு." அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

நடைவழியில் அவளை மடக்கினேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"முதல் வாரமே தெரிஞ்சிருக்கு. எதுக்கும்மா ரெண்டு தடவை பஸ் ஏறிப் போனே?"

"அந்த வரிக்காகப் போகல சார். உங்க மத்த அட்டைகள்ல இருக்கற வரிகளைத் தேடிப் பாக்கப் போனேன்."

"இந்தப் பழைய அட்டையைக் காட்டி என்கிட்ட முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா ஞாபகப் பிசகுன்னு சொல்லியிருப்பீங்க. எல்லாரும் நம்பியிருப்பாங்க. நானும் நம்பியிருப்பேன். ஒரு அட்டைதான் போயிருக்கும்."

"இன்னிக்கு நான் வாயைத் திறக்கலைன்னா?"

அவள் உறையைத் தட்டிக் காட்டினாள். "அதான் கையிலயே வெச்சிருந்தேனே." குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "ஆனா நீங்க சொல்வீங்கன்னுதான் சார் நினைச்சேன்." இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இழுப்பறைகள் இருக்கும் அறைக்கு வந்துவிட்டோம். ஆல்ஃபா மட்டும் சுவர் முழுக்க இருந்தது. இருபத்திரண்டு வருஷம்.

"இதுவரைக்கும் பதினாலு கண்டுபிடிச்சிருக்கேன்" என்றாள். "மொத்தம் எத்தனை சார்?"

நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். சில வரிகளைக் கண்ணால் பார்த்தேன். சிலவற்றை நம்பி எழுதினேன். சிலவற்றைக் கட்டினேன். எதை எப்படி என்பது எல்லாம் எப்போதோ ஒன்றாகக் கலந்து, ஒரே கையெழுத்தில், ஒரே ஊதா முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. என் சொந்த வரியைப் படித்தே உருகியவன் நான். இதில் என் புளுகு எது என்று எனக்கு யார் சொல்வார்கள்? முற்றுப்புள்ளி என்னை வேலையில் வைத்திருப்பதே எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான். இருபது என்று சொல்லலாம். முப்பது என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். கை நீளப் பார்த்தது.

"தெரியாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் மேஜைக்குப் போய் 'பார்த்தேன்' முத்திரையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு முதல் இழுப்பறையை இழுத்து, முதல் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்து, "இது?" என்றாள்.

அதுவும் தெரியவில்லை. சொன்னேன்.