விவரிக்க முடியாத மிருகத்தின் தோள்

டாக்டர் ஷஹீர் எழுதும் திகில் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "அதை எந்த நாவாலும் விவரிக்க முடியாது." எழுதுகிறவருக்கு அது வசதி. அந்த வாக்கியத்தோடு அவர் வேலை முடிந்தது. அட்டைப்படம் வரைகிற எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். கெய்ரோ பத்திரிகைக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் அந்தப் புத்தகத்தின் முன்னால் ஆள் நிற்பதே விவரிக்க முடியாததைப் பார்க்கத்தானே.

இந்த முறை மிருகம் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் திரிகிறது. கையெழுத்துப் பிரதியில் மிருகம் எப்படி இருக்கிறது என்று நான் தேடுவதில்லை. என்ன செய்கிறது என்று பார்ப்பேன். கதவை உடைக்கிறது, ஆகவே எடை உண்டு. காவல்காரரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறது, ஆகவே கை வேண்டும், உடம்பை உந்தித் தள்ளப் பருத்த பின்னங்கால்கள் வேண்டும். மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டுத் தண்ணீரைக் குடிக்கிறது, கழுத்து நீளம். செய்கிற காரியங்களைக் கோத்துக்கொண்டே போனால் உடம்பு தானாக எழுந்து நிற்கும். கற்பனை மிருகத்தைக் கண்டபடி வரையலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக்கூட வரைந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

தோலுக்கு மீன் சந்தையில் ஒரு நைல் கெளுத்தி வாங்கி வந்தேன். காய்ந்த தோலில் வெளிச்சம் பரவிக் கிடக்கும். ஈரத் தோலிலோ ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெறிக்கும். அந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால், பார்க்கிறவர் விரல்நுனியில் வழவழப்பு தட்டும். முழங்காலை ஒட்டகத்திடமிருந்து எடுத்தேன். அட்டையில் மிருகம் நிற்பது ஒரு குளியலறைக்குள். விளக்கோடு அதன் வாசலில் உறைந்து நிற்கும் மனிதனுக்கு மாதிரியாக என் கணவர் முனீர் நின்றார். அவர் முகத்தில் விழும் விளக்கொளியே, அதே பக்கத்திலிருந்து, அதே மஞ்சளோடு மிருகத்தின் மேலும் விழ வேண்டும். ஒரே வெளிச்சம் இருவர்மேலும் பட்டால் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று கண் நம்பிவிடும். இவ்வளவுதான் ரகசியம்.

படம் முடிந்த மதியம் பதிப்பாளர் பஹ்கத், டாக்டர் ஷஹீரையும் கூட்டிக்கொண்டு ஷுப்ரா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சகத்தில் அட்டையைப் படமெடுக்கும் கேமராவை அன்று மாலையோடு மூடிவிடுவார்கள். ஷஹீர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த ஒரு படத்தைப் போட்டுவிடுவதாக பஹ்கத் படியேறும்போதே சொல்லிவிட்டார். ஒருமுறை வெட்டி ஒட்டிப் பழகிவிட்டால், அடுத்த புத்தகத்துக்கு என்னை ஏன் கூப்பிடப் போகிறார்?

ஷஹீர் படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம் இன்ஸாஃப், விவரிக்க முடியாதுன்னு எழுதியிருக்கேன். நீங்க முட்டிச்சுருக்கம் வரைக்கும் வரைஞ்சு வச்சிருக்கீங்களே!"

"முட்டி இல்லாம மாடிக்கு எப்படி ஏறுச்சு டாக்டர்? லிஃப்ட்லயா?"

"அந்தக் கட்டடத்துல லிஃப்ட் ஓடாதே," என்றார் பஹ்கத். "இவரேதான் எழுதியிருக்கார்."

"அது புகை மாதிரிம்மா. வரும், போகும்."

"புகை கதவை உடைக்காது."

அவர் குனிந்து மிருகத்தின் வாய்க்குள் பார்த்தார். கதை எழுதாத நேரத்தில் அவர் பல் டாக்டர்.

"பல்லுல குறை சொல்ல முடியல," என்றார் மனசில்லாமல். "கடைவாய்ப்பல் எதுக்கு? மென்னுதான் தின்னுதா?"

"காவல்காரர் எலும்புகூட மிச்சமில்லன்னு எழுதினது யாரு?"

முனீர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார். ஷஹீர் சிரிக்கவில்லை. அவர் கண் மிருகத்தின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே கட்டடத்தின் நடுக்குழியைப் பார்த்த சின்ன ஜன்னல் இருந்தது. எல்லா வீட்டுச் சமையலறையும் குளியலறையும் மூச்சு விடுகிற அந்தக் குழி வழியாகத்தான் இந்தக் காட்சியில் மிருகம் ஏறி வருகிறது.

"சரி, உங்க வழிக்கே வரேன். இந்த ஜன்னல் வழியா இந்தத் தோள் எப்படி உள்ள வந்துச்சு?"

தூரிகைக் காம்பால் அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. தலை நுழையும். தோள் ஜன்னலைவிட இரண்டு மடங்கு அகலம்.

பஹ்கத் பையிலிருந்து அந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். பனிமலைக்கு மேலே இறக்கை வைத்த பாம்பு ஒன்று பறந்தது.

"கெய்ரோவுல எப்போ, உஸ்தாத், பனி பெய்ஞ்சுது?" என்றார் முனீர்.

"பெய்ஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? இது ரெடியா இருக்கு."

"டீயைக் குடிங்க. ஆறுறதுக்குள்ள முடிச்சுடறேன்," என்றேன்.

பூனை எப்படிக் கதவிடுக்கில் நுழைகிறது? கழுத்தடியில் இருக்கும் அதன் காறை எலும்பு சின்னது, எதோடும் பூட்டப்படாமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால் தோள்கள் மார்போடு ஒட்டி மடங்கும். என் மிருகமும் அப்படியே நுழையட்டும். ஒரு தோள் உள்ளே வந்து விரிந்துவிட்டது. இன்னொன்று இன்னும் ஜன்னலுக்கு அப்பால் மடங்கியபடி கிடக்கிறது.

போஸ்டர் கலரில் ஒரு தொந்தரவு உண்டு. காய்ந்த பூச்சின் மேல் ஈரத் தூரிகை பட்டால் அடிப்பூச்சு கரைந்து மேலே வந்து சேறாகிவிடும். அதனால் சாயத்தைத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஒரே இழுப்பில் போட வேண்டும். இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. வலது தோளின் மேல் சுவரின் கருநீலத்தை இழுத்தேன். அதன் மேல் ஜன்னல் சட்டத்தின் விளிம்பை நேராக இறக்கினேன். ஒன்றை மறைத்து இன்னொன்று நின்றால் மறைக்கிறது முன்னால் இருக்கிறது என்று கண் எடுத்துக்கொள்ளும். மிருகம் அப்படியே ஜன்னலுக்குள் பின்வாங்கியது. கடைசியாக, சட்டம் அழுத்துகிற இடத்தில் ஈரத் தோல் பிதுங்கி நிற்பதற்கு மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

முன்பு உள்ளே வந்து நின்ற மிருகம் இப்போது வந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்கும் மனிதனுக்கு ஓட இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கால் நகரவில்லை. முதல் படத்தைவிட இது நல்ல படம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதை டாக்டரிடமும் சொன்னேன். "நீங்க கேட்காம இருந்திருந்தா இது வந்திருக்காது."

பஹ்கத் எழுந்து வந்து பார்த்தார். பாராட்டு அவர் பழக்கமில்லை. எங்கள் டெலிபோனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார்.

"கேமராவை மூடிடாதே. நானே எடுத்துட்டு வரேன். ஆமா, பெயிண்ட் ஈரமாத்தான் இருக்கு. ஏன், மிருகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடியே உனக்குப் பயமா?"

பனிமலையை மடித்துப் பையில் போட்டுவிட்டு ஷஹீரைப் பார்த்தார். "அட்டையில ஜன்னல்ல மாட்டிட்டு நிக்குது. உள்ளே அப்படி ஒரு இடமே இல்ல. வாங்கினவன் என் சட்டையைப் பிடிப்பான்."

"எழுதிடலாம்," என்றார் ஷஹீர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூடியைக் கழற்றியவர் தலையைத் தூக்கி என்னைக் கேட்டார்.

"முதல்ல விரியுறது எந்தத் தோள், மேடம்?"

"இடது. விளக்கு அந்தப் பக்கம் இருக்கு."