எட்டாவது சேமக்கலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டது கதை அல்ல, அரைப் பக்க அறிக்கை. ‘டென்மார்க்கின் இக்காஸ்டில் வாழும் ஜராய் அகதிக் குடும்பத்துக்கு எமது சங்கம் கைகொடுத்தது, அவர்களின் பண்பாடு காக்கப்பட்டது, நன்றி.’ செயலாளர் என்ற முறையில் பத்து நிமிட வேலை. மூன்று மாதமாக இழுக்கிறது. காக்கப்பட்டதா என்று எனக்கே தெரியாதே.

முதல் தொடக்கம்: வியட்நாமின் நடு மலைகளில், பனி மூடிய ஒரு காலையில்...

வெட்டிவிட்டேன். அந்த மலையை நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த மலை, பக்கத்து நகரமான ஹேர்னிங்குக்குப் போகும் வழியில் பாலம் கட்டக் குவித்த மண்மேடு.

2

ஹ்லோய் அந்த மலைகளிலிருந்து வந்த ஜராய்ப் பெண். அவளைச் சங்கத்துக்குக் கூட்டிவந்தவள் கிளோறியா. இருவரும் ஒரே சபையில் ஜெபிக்கிறவர்கள். “மலைநாட்டு ஆக்கள்” என்று கிளோறியா சொன்னதும், தலைவர் யோகராஜா அண்ணை இலங்கை மலையகம் என்று நினைத்து, ஹற்றனா பதுளையா என்று விசாரித்தார். பிறகு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். கொம்யூன், அதாவது நகரசபை, அனுப்பிய கடிதம் வாசிக்க வேண்டுமா, சோபா வேண்டுமா, எல்லாவற்றுக்கும் நாங்கள் தயார்.

ஹ்லோய் கேட்டது ஆட்களை. ஐந்து பேர்.

அவளிடம் எட்டு வெண்கலத் தட்டுகள் இருந்தன. பார்த்தால் எங்கள் சேமக்கலம் போலத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரே சுரம். ஒரு கை அடிக்க, மறு கை பின்னாலிருந்து ஒலியை அமர்த்தவேண்டும். ஆகவே ஒரு தட்டுக்கு ஒரு ஆள். வட்டமாக நடந்து, முறை வரும்போது ஒரே ஒரு அடி. அவள் வீட்டில் இருப்பதோ அவள், கணவன், தம்பி.

தட்டுகள் அவளுடைய அப்பாவினுடையவை. ஊரிலிருந்து அவர் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அங்கே அடிக்க ஆள் இல்லாவிட்டால் எட்டையும் திருப்பி அனுப்பு. அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் தொலைபேசியில் காதுகொடுத்துக் கேட்பார். எட்டும் ஒலித்தால் தட்டுகள் டென்மார்க்கில் இருக்கும்.

(இந்த இடத்தில் நான் எழும்பிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மலரில் அப்படி எழுதக்கூடாதாம். எழுதிவிட்டேன்.)

3

ஒத்திகை. யோகராஜா அண்ணை, கிளோறியா, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நிறோஷினி, நான், ஜெனிஸ்ரன். ஜெனிஸ்ரன் அமைதியானவர். ஒரு அடி கூடப் பிழைக்கமாட்டார்.

அண்ணைக்கு ஒரு அடி போதவில்லை. மூன்று அடித்து, ஒரு முத்தாய்ப்பும் வைத்தார். மங்கள விளக்கு, தலைமையுரை, வீடியோ வழியாக அப்பாவுக்குப் பொன்னாடை என்று நிகழ்ச்சி நிரலும் போட்டுவைத்திருந்தார்.*

* பொன்னாடையை எப்படிப் போர்த்துவது என்று கேட்டேன். கமராவுக்குப் போர்த்தலாமாம்.

பிறகு நடக்கத் தொடங்கினோம். ஜராய்க்காரர் மூவரும் இடப்பக்கமாகப் போனார்கள். நாங்கள் எல்லோரும் வலப்பக்கமாகப் போனோம். முப்பது வருடமாக வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாரைச் சுற்றிய கால்கள், கேட்காமலே திரும்பிவிட்டன. கோயிலே சுற்றாத கிளோறியாவும் எங்களோடு வந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணையின் வயிறும் தம்பியின் தட்டும் மோதிக்கொண்டன. அன்று கேட்டதில் சுத்தமான சுரம் அதுதான். ஹால் பொறுப்பாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினார்.

வேறு பக்கமாகச் சுற்ற வேண்டும் என்றதும் நிறோஷினி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“சேமக்கலமும் அடிச்சு, இடப்பக்கமாவும் சுத்தினா அது செத்தவீடு. உயிரோடை இருக்கிற மனுசனுக்கு நான் அப்பிடிச் செய்யமாட்டன்.”

இதை டேனிஷில் மொழிபெயர்த்த பாவி நான். ஹ்லோய் கோபிக்கவில்லை. தங்கள் ஊரில் கலியாணமோ அறுவடையோ சாவோ, எதற்கும் அந்தப் பக்கம்தான் என்றாள்.

நிறோஷினி ஒரு கிழமை யோசித்துவிட்டு வந்தாள். “கால் உங்கடை பக்கம் போகட்டும். முகம் எங்கடை பக்கம் இருக்கட்டும்.” சொன்னபடியே பின்னோக்கி நடந்தாள். ஹ்லோய் சிரித்த சிரிப்பில் கோல் கையிலிருந்து விழுந்தது.

4

வரைபை வாசித்த அண்ணை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஆர் இந்த ஜெனிஸ்ரன்?”

பிடிபட்டுவிட்டேன். ஜெனிஸ்ரன் என்று ஒருவரும் இல்லை. எட்டுப் பேர் வேண்டுமென்று நான் செய்துவைத்த ஆள். அதனால்தான் அவர் பிழைவிடவில்லை. உண்மையான எட்டாவது ஆளுக்காக இருபத்து மூன்று வீட்டுக்கு போன் எடுத்தேன். ஒருவருக்கு அன்று ஹ்விடோவ்ரேயில், பெரியபிள்ளையான மருமகளின் சாமத்தியவீடாம். மைக் தருவீர்களா என்றார் ஒருவர். ஒரு அடி அடிக்க அவ்வளவு தூரம் வரவேண்டுமா என்றார் பக்கத்துத் தெருக்காரர்.

முடிவு அ: ஹால் பொறுப்பாளர் கண்ணீரோடு உள்ளே வந்து எட்டாவது தட்டை...

சீ, வேண்டாம். இப்படி எழுதினால் கொம்யூன் பரிசு கொடுத்துவிடும்.

முடிவு ஆ: ஏழு தட்டின் ஒலியைக் கேட்டு அப்பா எட்டு என்று நம்பினார்.

அந்த மனுசனை நான் ஏமாற்றமாட்டேன்.

5

ஆகவே கதையில் இன்னும் அந்தச் சனிக்கிழமைதான். மணி மூன்று. கதிரையில் தொலைபேசி, சத்தம் கூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் அப்பா ஒருமுறை செருமினார். ஏழு பேர் வட்டமாக நிற்கிறோம். நிறோஷினி திரும்பி நிற்கிறாள். அண்ணை ஒரே ஒரு அடி என்று பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறார். ஹ்லோய் எட்டாவது தட்டைத் தூக்கிக்கொண்டு, வாசலைப் பார்க்கிறாள்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மா இருந்துதானே வாசித்தீர்கள்? எழும்புங்கள். இடது கை தட்டுக்குப் பின்னால். வலது கையில் கோல். எனக்கும் கிளோறியாவுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. இடப்பக்கமாக நடக்கவேண்டும், மறக்கவேண்டாம்.

அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.