ஓட்டை மேல் அடித்த பலகை

காக்களூர் தொழிற்பேட்டையில் ஸ்பீக்கர் பெட்டி அடிக்கும் கம்பெனியில் அன்புராஜுக்குப் பதினோரு வருஷம். யார் யாருக்கோ அடித்த கை, இந்த வருஷம் மணவாள நகரில் தன் சபைக்கென்று ஒரு பெட்டி அடித்தது. இடுப்பு உயரம், கனத்த ப்ளைவுட். முன்பக்கம் கீழே, காற்று போய்வர வட்டமாக ஒரு ஓட்டை. அது பார்க்க மொட்டையாக இருக்கிறதென்று அதன் மேலேயே ஒரு தேக்குப் பலகையைத் திருகிவிட்டான். 'காணிக்கை: செ. அன்புராஜ் குடும்பம்' என்று அவனே உளியால் கொத்தியது. அவன் வம்சத்தில் ஒருத்தர் பேரும் எந்தக் கல்லிலும் பலகையிலும் ஏறினதில்லை. கம்பெனியில் அந்த மாதிரி ஓட்டை மேல் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்ட விடமாட்டான். சொந்தப் பேர் என்றதும் அந்த நினைப்பே வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. மறுநாள் ஆராதனையில் அவன் தம்பி மகள் மெர்சி முதல் தடவையாகத் தனியாகப் பாட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு வேலை பார்க்கிற பெண், நல்ல கனத்த குரல். பாட்டு கீழ் ஸ்தாயிக்கு இறங்கின இடத்தில் பெட்டி கர்ர்ர் என்றது.

"தொண்டையில வண்டு பூந்துகிச்சா மெர்சி?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பாடகர் குழுவை நடத்தும் ரோசம்மாள் சிரிக்கவில்லை. "மத்தவங்க பாடறப்ப ஒண்ணும் இல்ல. உனக்கு மட்டும் இன்னாடி கரகரங்குது? நாளைக்கு ஸ்நேகா பாடட்டும். நீ கும்பலோட நின்னுக்கோ."

"மூணு மாசமா பஸ்சுல பாடிக்கினே போனேங்க்கா," என்றாள் மெர்சி.

அன்புராஜ் எழுந்து பெட்டி கிட்டே போனான். "ஒரே ஒரு தபா பாடு கண்ணு."

அவள் பாடினாள். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தான். கெட்டியாக இருந்தது. முன்னால் வைத்தான். பலகை, கையில் மாட்டின தவளை மாதிரி துடித்தது. ஸ்நேகாவுடைய மெல்லிசுக் குரலுக்கு அந்த ஓட்டையில் வேலை கம்மி. இவள் கீழே இறங்கும்போதுதான் உள்ளே காற்று முட்டியது. வெளியே வர வழியில்லாமல் பலகையை உதறியது.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஸ்நேகா பாடுவாள், பெட்டியும் சும்மா இருக்கும், பேரும் இருக்கும். திரும்பிப் பார்த்தான். மெர்சி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரோசம்மாக்கா, அவ தொண்டை நல்லாத்தான் இருக்குது. கோளாறு என்னுது. காத்து வர்ற வாயில என் பேரை வச்சி அடைச்சிட்டேன்."

"நீ ஆசையா அடிச்சதாச்சே அன்பு. எதுக்கும் பாஸ்டர் ஐயாவ ஒரு வார்த்தை..."

"அவரு இன்னா சொல்லப்போறாரு? அந்த ஸ்க்ரூ டிரைவர இப்டி குடு."

நாலு திருகும் கழன்று வந்தன. பலகையைப் பெஞ்சில் குப்புற வைத்தான்.

மெர்சி மறுபடி பாடினாள். அந்த இடம் வந்தது. குரல் இறங்கியது, பெட்டியும் கூடவே இறங்கியது. பாய் மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் அதிர்வு தரை வழியாக வந்து சேர்ந்தது.

"நாளைக்கு ஏழரைக்கெல்லாம் இங்க இருக்கணும்டி," என்றாள் ரோசம்மாள். "லேட்டா வந்தே, ஸ்நேகாதான்."

"பெரிப்பா, இன்னொரு தபா பாடட்டா?"

"பாடு," என்று அன்புராஜ் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.