கொண்டை சிவக்காத சேவல்

பதினான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு பாக்டீரியாவைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர் அந்த ஆய்வாளர். குளியலறை மூலைகளில் இளஞ்சிவப்பாகப் படிந்து, தேய்த்துக் கழுவுகிறவர்களின் பொறுமையைச் சோதிக்கும் அந்தக் கிருமிக்கு ஆய்வகத்தில் ‘சிவப்பி’ என்று பெயர். அது ஏன் சிவக்கிறது, எப்போது சிவக்கிறது, என்ன செய்தால் சிவக்காது என்பவற்றைப் பற்றி அவர் ஒன்பது கட்டுரைகள் எழுதியிருந்தார். அவற்றை முழுமையாகப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் இருவர் பிழை கண்டுபிடிப்பதற்காகவே படித்தவர்கள்.

அவருடைய மனைவியின் தம்பி அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிருமிகளுக்குச் சமையற்காரன். கடற்பாசிக் கூழைக் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் ஊற்றி, உறையவைத்து, அடுக்கிக் கொடுப்பது அவன் வேலை. கட்டடம் முழுவதும் அவனைக் ‘கூழ்க்காரர்’ என்றே அழைத்தது. அவனை அந்த வேலைக்குப் பரிந்துரைத்தவரே ஆய்வாளர்தாம். அதற்காக அவர் தம்மை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வு வேளையில், மிஞ்சிய தட்டொன்றில், சிவப்பியில் தோய்த்த பல்குச்சியால் அவன் ஒரு மீனைக் கிறுக்கினான். கிறுக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஈரக்கோடு மட்டுமே. மறுநாள் தட்டில் செக்கச்செவேலென்று ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க மூன்றாம் மாடியிலிருந்துகூட ஆள்கள் இறங்கி வந்தார்கள். ஆய்வாளர் மட்டும் போகவில்லை. கிருமி யாருடையது? பதினான்கு ஆண்டுகள் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் ஒருவர். அதைத் தொட்டு மீன் கிறுக்கியவன் இன்னொருவன். கைத்தட்டல் யாருக்கு? இந்தக் கேள்வி அவருடைய வயிற்றில் அணையாத அடுப்பாக எரிந்துகொண்டே இருந்தது.

ஆண்டுக்கொருமுறை ஆய்வகத்தின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு ஆய்வாளரின் உரைக்கு ஏழு பேர் வந்தனர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். மைத்துனனின் தட்டுகளுக்கு முன்னாலோ வாசல்வரை வரிசை நின்றது. அந்தக் காட்சியின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி, மனைவி குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். அன்றுமுதல் அவர் தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் மைத்துனன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இந்த ஆண்டு இயக்குநர் அம்மா அவரை அழைத்து, மிகுந்த மரியாதையுடன், நெஞ்சில் ஆணி அடித்தார்.

“சார், உங்க பேச்சை மாடிப்படி பக்கத்து ரூம்ல வச்சுக்கலாம். பெரிய ஹாலைச் சேவலுக்குக் கொடுத்துட்டோம்.”

சேவல் என்பது மைத்துனனின் புதிய திட்டம். முப்பத்தாறு தட்டுகளைச் சேர்த்து வைத்தால் ஆளுயரச் சேவல் ஒன்று எழுந்து நிற்கும். உடலுக்கு மஞ்சள் கிருமி, வாலுக்கு ஊதாக் கிருமி, கொண்டைக்கும் தாடிக்கும் சிவப்பி. பதினான்கு ஆண்டு உழைப்பு, ஒரு கோழியின் தலையில் கொண்டையாக உட்காரப்போகிறது! மாடிப்படிப் பக்கத்து அறையோ கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடம்.

விழாவுக்கு முந்தைய நாள் நண்பகல் கடந்த வேளையில், மைத்துனன் தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு அவருடைய கதவருகே வந்து நின்றான். வரைந்து முடிக்க நினைத்ததைவிட ஒரு நாள் கூடுதலாகிவிட்டது என்றும், கை மரத்துப்போய்விட்டது என்றும் சிரித்தான். கிருமிகளைச் சீரான சூட்டில் வளர்க்கும் பெட்டிகள் அந்தத் தளத்தில் இரண்டு இருந்தன. அவன் வழக்கமாக வைப்பது இளஞ்சூட்டுப் பெட்டியில்.

“மாமா, இருபத்தஞ்சு டிகிரி பெட்டியில யாரோ இடம் பிடிச்சுட்டாங்க. முப்பத்தேழு காலியாத்தான் கிடக்கு. அதுல வச்சா வளருமா?”

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“நல்லா வளரும். இன்னும் வேகமா வளரும்.”

“அப்ப வச்சுடவா?”

“வச்சுடு.”

அவர் சொன்னவற்றில் பொய் ஒரு சொல்லும் இல்லை. எந்தத் தேர்வாளரும் அந்த விடைக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க முடியாது. முப்பத்தேழு பாகைச் சூட்டில் சிவப்பி கொழுகொழுவென்று வளரும், ஆனால் சிவக்காது. வெறும் வெண்சோற்று நிறத்தில் கிடக்கும். இதைச் சொல்வதற்காகவே அவர் தம் மூன்றாம் கட்டுரையை எழுதினார். வளருமா என்று கேட்டான். சிவக்குமா என்று கேட்டானா? வீடு செல்லும் வழியெல்லாம் அவர் தமக்குத் தாமே வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் இருந்து, தம்மை விடுதலை செய்துகொண்டே நடந்தார்.

வீட்டில் மனைவி அண்டை அயலாரை எல்லாம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தாள். “நாளைக்கு என் தம்பியோட சேவல்” என்று தொடங்கி, அவள் முடிப்பதற்குள் தேநீர் ஆறியது. மணி ஆறுகூட ஆகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருப்பார்கள். காலைக்குள் ஓரளவாவது சிவந்திருக்கும். அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய உரை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் அடுத்த எண்ணை அழுத்தினாள். ஆய்வாளர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெரிய கூடத்தில் முப்பத்தாறு தட்டுகளும் மூடி ஒட்டப்பட்டு, வெளிச்சப் பலகைமேல் வரிசையாக இருந்தன. மஞ்சள் உடல், அழகான ஊதா வால். தலையிலோ, வெளுத்த ஏதோ ஒன்று. நோய்வாய்ப்பட்டு எழுந்த கோழிபோல் இருந்தது. முதலில் வந்த கூட்டத்தில் ஒருவர், “கொண்டைக்குப் பவுடர் போட்டிருக்காங்க” என்றார். சிரிப்பு எழுந்தது. மைத்துனன் கூழில் உப்புக் கூடிவிட்டதா, கிருமி மாறிவிட்டதா என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு, தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த ஆய்வாளருக்குப் பதினான்கு ஆண்டுகளில் அறியாத ஒரு குளிர்ச்சி நெஞ்சுக்குள் இறங்கியது.

இயக்குநர் அம்மா அவரைத் தேடி ஓடிவந்தார். இதற்கு நீங்கள்தாம் ஏதாவது விளக்கம் சொல்ல வேண்டும் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் முன்னே வந்தார். தொண்டையைச் செருமினார். அதன்பின் அவரை நிறுத்த ஆளில்லை. சிவப்பி சாயத்தை எங்கே காய்ச்சுகிறது, குளிர்ந்த சுவரில் ஏன் சிவக்கிறது, நம் உடம்பின் சூட்டில் ஏன் சிவப்பை மூட்டைகட்டி வைத்துவிடுகிறது என்றெல்லாம் கைகளை வீசிச் சொன்னார். மக்கள் நெருங்கி வந்தார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அறுபது பேர், எழுபது பேர்! வெளுத்த கொண்டையை இப்போது யாரும் கேலி செய்யவில்லை. அதை ஓர் அதிசயமாகப் பார்த்தார்கள். “வெறும் சூடு மட்டும்தான் காரணம். முப்பத்தேழுல வச்சா அது சிவக்கவே சிவக்காது” என்று முடித்தபோது, முதன்முறையாக அவருக்காகக் கைகள் தட்டப்பட்டன.

சீருடையில் நின்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தயக்கத்துடன் கையை உயர்த்தினார்.

“ஐயா, இவ்வளவு தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. அவர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் கைத்தட்டல் நின்றது. எல்லாருடைய கண்களும் மைத்துனனிடம் போயின. அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, ஆய்வாளரை ஒரு கணம் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

“மாமாகிட்ட நேத்தே கேட்டேங்க. பாவம், தலை நிறைய ஆராய்ச்சி. மறந்திருப்பார்.”

கூடம் இளகிச் சிரித்தது. மறதிக்காரப் பெரியவரை மன்னிக்கும் சிரிப்பு. ஒரு பெண்மணி “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்” என்றார்.

அதை ஏற்றுக்கொண்டிருந்தால் எல்லாம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஆய்வாளருக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. மறதியா? மூன்றாம் கட்டுரையை எழுதியவருக்கா? கூழ் காய்ச்சுகிறவன் எழுபது பேருக்கு நடுவே அவரைப் பார்த்துப் பாவம் என்பதா? மன்னிப்பதிலும் இவனே முந்திக்கொள்வதா?

“மறக்கல” என்றார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. “எனக்கு எதுவும் மறக்கல. நீ கேட்டப்பவே தெரியும்.”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. இயக்குநர் அம்மா தம் காலணியைப் பார்த்தார். சொல்லிவிட்ட பிறகுதான், தாம் சொன்னது இன்னது என்பதே ஆய்வாளருக்கு விளங்கியது.

மைத்துனன் கையிலிருந்த தட்டை அதற்குரிய இடத்தில், சேவலின் தலையில், மெல்ல வைத்தான். அருகே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

“அக்கா பன்னெண்டு மணிக்கு வர்றா, மாமா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க.”

சுவர்க்கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. கூட்டம் கலையவில்லை. இயக்குநர் அம்மாவின் சைகைக்குக் கட்டுப்பட்டு, சாயத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து ஆய்வாளர் மீண்டும் பேசத் தொடங்கினார். அவருடைய வாழ்நாளில் அத்தனை பேர் அவர் முன்னால் நின்றதில்லை. ஆனால் அவர்கள் அனைவரும், அவருடைய தோளுக்கு அப்பால், வெளிச்சப் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.